வெற்றி மேடையும் ஒப்பந்தத் தளையும்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைக் குறித்து இடதுசாரி ஏடுகளில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ரசனையைப் பற்றியவை. கண்ணீரைக் காட்சிப் பொருளாக்குதல், குழந்தைகளுக்குப் பெரியவர் வேடம் கட்டுதல், நடுவர்களின் செயற்கையான கோபம், இடையிடையே விளம்பரம் ஆகியவை கண்டிக்கப்படுகின்றன. அக்கண்டனங்கள் தவறானவை அல்ல. ஆனால் அவை அனைத்தும் பார்வையாளரின் நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டவை. மேடையில் நிற்பவர் எந்தெந்தத் தாளில் கையெழுத்திட்ட பின்னர் அங்கு வந்து நிற்கிறார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அக்கேள்வியை ஓர் அமெரிக்கப் பாடலாசிரியப் பாடகர், கலிபோர்னியா மாநிலத்தின் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் எழுப்பினார். அவர் பெயர் பிலிப் பிலிப்ஸ்.

ஜார்ஜியா மாநிலத்தின் லீஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அவர், குடும்பத்தினர் நடத்திய அடகுக் கடையில் வேலை பார்த்தவர். கிட்டார் வாசிப்பவர், பிறர் பாடலையும் தம் போக்கில் மாற்றிப் பாடுபவர், சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர். 2012-இல் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியின் பதினோராவது பருவத்தில், இருபத்தோரு வயதில், அவர் வென்றார். போட்டிக் காலம் முழுவதும் சிறுநீரகக் கோளாறு அவரை வாட்டியது. சிகிச்சைக்கு இடையே வலியோடு மேடையேறினார். இறுதிச் சுற்றில் பதிவான வாக்குகள் 13 கோடியே 20 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்பதால் அது மக்கள்தொகைக் கணக்கு அன்று. ஆயினும் கோடிக்கணக்கான விரல்கள் ஊதியமின்றி உழைத்து ஒரு பண்டத்திற்கு முன்கூட்டியே சந்தையை உருவாக்கிக் கொடுத்தன என்பதற்கு அதுவே சான்று.

வெற்றி பெற்ற இரவில் அவர் பாடிய ‘ஹோம்’ என்ற பாடல் அவர் எழுதியதன்று. ட்ரூ பியர்சன், கிரெக் ஹோல்டன் ஆகிய இருவர் எழுதியது. அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியின்போது அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணி பற்றிய ஒளிபரப்பில் அது ஒலித்தது. அதன்பின் விற்பனை 50 லட்சத்தைத் தாண்டியது. அப்போட்டியில் வென்றவர்களின் முடிசூட்டுப் பாடல்களில் வேறு எதுவும் அந்த அளவுக்கு விற்கவில்லை. அவருடைய முதல் தொகுப்பில் அவரே எழுதிய பாடல்கள் பல இருந்தும், வானொலியில் அடுத்துப் புகழ்பெற்ற பாடலும் பிறர் எழுதியதே. பாடலாசிரியராக வந்தவரைக் குரலாக மட்டும் சந்தை வாங்கிக்கொண்டது. இசைத் தொழிலில் பாடலை எழுதியவருக்குரிய உரிமைத்தொகை ஒரு வாய்க்காலிலும், பாடியவருக்குரிய பங்கு மற்றொரு வாய்க்காலிலும் ஓடுகின்றன. முன்னதே நெடுங்காலம் வற்றாது ஓடுவது.

போட்டியை நடத்திய அமைப்பை இங்குச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த சைமன் ஃபுல்லர் தொடங்கிய 19 என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் படைப்பு ‘ஐடல்’. அந்நிறுவனம் 2005-இல் சிகேஎக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குச் சென்றது. எல்விஸ் பிரெஸ்லி, முகமது அலி ஆகியோரின் பெயரையும் உருவத்தையும் வணிகத்திற்குப் பயன்படுத்தும் உரிமையில் பெரும்பங்கைக் கொண்டிருந்த நிறுவனம் அது. பாடுவதும் குத்துவிடுவதும் ஒருபுறமிருக்க, மனிதரின் பெயரே அங்குச் சொத்து. 2011-இல் அப்போலோ குளோபல் மேனேஜ்மென்ட் என்னும் முதலீட்டு நிதியம் சிகேஎக்ஸை ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர் அது கோர் மீடியா எனப் பெயர் மாறியது. பிலிப்ஸ் மேடையேறிய ஆண்டில் அவருக்கு மேலே அமர்ந்திருந்தது இசைக் கம்பெனி அன்று, நிதி மூலதனம்.

அந்நிறுவனக் குழுமத்தோடு அவர் செய்துகொண்டது ஓர் ஒப்பந்தம் அன்று, பல. மேலாண்மைக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாடல் பதிப்புரிமைக்கு ஒன்று, பெயரும் படமும் பொறித்த பொருள்களின் விற்பனைக்கு ஒன்று. வழக்கமான இசைத்தொழிலில் மேலாளர் கலைஞரின் ஆள். இசைத்தட்டுக் கம்பெனியோடு பேரம் பேசி, கலைஞருக்குக் கூடுதலாகப் பெற்றுத் தருவதற்கே அவருக்குத் தரகு. இங்கோ மேலாளரும் கம்பெனியும் ஒரே வீட்டார். பேரத்தின் இரு பக்கமும் ஒரே வாய் பேசியது. கேட்க வேண்டியவரே கொடுக்க வேண்டியவராகவும் இருந்தால் எவ்வளவு கேட்பார் என்பதை ஊகிக்கச் சட்ட அறிவு தேவையில்லை.

2015 ஜனவரியில் கலிபோர்னியா தொழிலாளர் ஆணையரிடம் பிலிப்ஸ் மனு அளித்தார். ஒப்பந்தங்கள் ஒடுக்குமுறைத் தன்மையுடையவை என்பது அவருடைய வாதம். சில வருவாய் இனங்களில் 40 விழுக்காடு வரை தரகாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்றும், நிறுவனத்தின் விளம்பரதாரரான ஒரு விமானக் கம்பெனிக்காக ஊதியமின்றிப் பாட வைக்கப்பட்டார் என்றும், அவருடைய இரண்டாவது தொகுப்பின் பெயரே பொதுமக்களுக்கு அறிவிக்கப்படும் வரை அவருக்குத் தெரியாது என்றும் அதில் குற்றஞ்சாட்டப்பட்டது. பெற்ற பிள்ளைக்கு வைத்த பெயரைப் பெற்றவர் ஊரார் சொல்லிக் கேட்டது போன்ற நிலை. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. பிலிப்ஸின் நலனுக்காகவே எப்போதும் செயல்பட்டதாகக் கூறியது.

மனு நீதிமன்றத்திற்குச் செல்லாமல் தொழிலாளர் ஆணையரிடம் சென்றதில்தான் இவ்வழக்கின் சிறப்பு அடங்கியுள்ளது. கலைஞருக்கு வேலை வாங்கித் தருபவர் உரிமம் பெற்ற முகவராக இருக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். உரிமமின்றி அதைச் செய்தால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பிலிப்ஸின் மேலாண்மை நிறுவனம் உரிமமின்றி அவருக்கு நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தது என்பதே மனுவின் அச்சாணி. ஆக, பாடகர் அங்கே நட்சத்திரமாக அன்றித் தொழிலாளியாகவே நின்றார்.

இத்தகைய சட்டங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. தனிநபர் உழைப்பு ஒப்பந்தம் ஏழாண்டுக்கு மேல் கட்டுப்படுத்தாது என்ற கலிபோர்னிய விதியைத் திரைப்படக் கம்பெனிகள் ஏமாற்றி வந்தன. நடிகை ஒரு வேடத்தை மறுத்தால் அவரை இடைநீக்கம் செய்து, அந்நாள்களை ஒப்பந்தக் காலத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தை எதிர்த்து வழக்காடி, ஏழாண்டு என்றால் நாள்காட்டியின் ஏழாண்டே என்ற தீர்ப்பை 1944-இல் பெற்றார். 1987-இல் இசைத்தட்டு நிறுவனங்கள் முயன்று அவ்விதியில் ஒரு துளை போட்டன. ஏழாண்டு முடிந்து வெளியேறும் பாடகர் கொடுக்காமல் விட்ட தொகுப்புகளுக்கு நட்ட ஈடு கேட்கலாம் என்பது அத்துளை. நடிகைக்குத் திறந்த கதவு பாடகருக்குப் பாதியே திறந்திருக்கிறது.

பிலிப்ஸின் வழக்கு தீர்ப்பைக் காணவில்லை. 2016 ஏப்ரலில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘அமெரிக்கன் ஐடல்’ முடிவுக்கு வந்தது. அதே மாதத்தில் கோர் மீடியா திவால் பாதுகாப்புக் கோரியது. தம்மைச் சுரண்டியதாக யாரைக் குற்றஞ்சாட்டினாரோ, அவருக்குக் கடன் கொடுத்தோரின் வரிசையில் பாடகர் நிற்க வேண்டியதாயிற்று. ஆலை மூடப்பட்டபின் பணிக்கொடைக்காக வங்கிகளுக்குப் பின்னால் நிற்கும் தொழிலாளருக்கு அந்த வரிசை புதிதன்று. 2017-இல் சமரசம் ஏற்பட்டது. 2018 ஜனவரியில், முந்தையதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்து, மூன்றாவது தொகுப்பு வந்தது. வெற்றியின் சூடு ஆறிப்போக நான்கு ஆண்டுகள் தாராளம். 50 லட்சம் விற்றவரின் அடுத்தடுத்த தொகுப்புகள் அந்த உயரத்தை எட்டவில்லை. அவர் பாடல் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. 2023-இல் நான்காவது தொகுப்பும் வெளிவந்தது.

மூன்றாவது தொகுப்பின் பெயர் ‘கொலாட்டரல்’. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கடனுக்கு வைக்கும் ஈடு என்பதும் பொருள். போரில் குறியல்லாத இடத்தில் நேரும் சேதத்தோடும் அது ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒருங்கே தாங்கும் சொல் தமிழில் இல்லை. அடகுக் கடையில் வளர்ந்தவருக்கு முதற்பொருள் தெரியாமல் இருந்திருக்காது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், தோழர்களிடையேயும் எழும். அவர் விரும்பிக் கையெழுத்திட்டார், பணமும் புகழும் பெற்றார், மாளிகைவாசிக்காகத் தொழிலாளர் ஏடு ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும் என்பது அவ்வாதம். கண்ணீர் தேவையில்லைதான். ஆனால் ‘விரும்பிக் கையெழுத்திட்டார்’ என்பது ஆலை வாயிலில் நிற்பவரைப் பற்றியும் முதலாளி எப்போதும் சொல்வது. பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்க, கையெழுத்திடாதவருக்கு அடுத்த சுற்று இல்லை என்றால், அங்கே விருப்பம் என்பதற்கு என்ன பொருள்? மார்க்ஸ் பாடகியின் எடுத்துக்காட்டையே கையாண்டிருக்கிறார். தன் மகிழ்ச்சிக்குப் பாடுபவளும், தன் பாட்டைத் தானே விற்பவளும், பணம் பெருக்குவதற்காக ஒரு முதலாளி அமர்த்திப் பாடவைக்கும் பாடகியும் ஒரே பாட்டைப் பாடலாம். மூவரின் சமூக உறவு வேறு என்பது அவர் காட்டியது. உறவைத் தீர்மானிப்பது வருமானத்தின் அளவு அன்று. மேலும், வென்றவருக்கே இந்நிலை என்றால், நான்காம் சுற்றில் வெளியேறி, பெயரும் குரலும் இன்னும் ஒப்பந்தத்தில் சிக்கியிருக்கும் இளைஞரின் நிலையை எந்த ஏடும் எழுதுவதில்லை.

அதே போட்டியின் முதல் வெற்றியாளர் கெல்லி கிளார்க்சன், 2007-இல் தாமே பங்கேற்று எழுதிய பாடல்களைக் கொண்ட தொகுப்பை வெளியிடக் கம்பெனித் தலைமையோடு பகிரங்கமாக மோத வேண்டியிருந்தது. அதே தொழிலாளர் ஆணையர் அலுவலகம் 2023-இல், உரிமமின்றி அவருக்கு வேலைகளை ஏற்பாடு செய்த முன்னாள் மேலாளர் ஏறத்தாழ 26 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டுமென உத்தரவிட்டது. மேல்முறையீடு பின்னர் சமரசத்தில் முடிந்தது. சட்டம் இருந்தால் இருபது ஆண்டுப் புகழுக்குப் பிறகும் ஒரு கதவைத் தட்டலாம்.

இந்தியாவில் எந்தக் கதவு? ‘இந்தியன் ஐடல்’ அதே வார்ப்பில் 2004 முதல் நடந்து வருகிறது. பிலிப்ஸ் முடிசூடியதற்கு முந்தைய நாள், 2012 மே 22 அன்று, மக்களவை பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தம் உரிமைத்தொகைப் பங்கைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாதவாறு அது காத்தது. ‘விரும்பிக் கொடுத்தார்’ என்ற வாதத்தை அந்த ஓரிடத்தில் இந்தியச் சட்டம் ஏற்க மறுத்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து நின்று போராடியதன் பயன் அது. ஆனால் மேலாண்மை ஒப்பந்தமும் தரகும் பெயருரிமையும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த அவையில் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ‘ஒலி-ஒளித் தொழிலாளி’ என்று ஒரு வரையறை உண்டு. பாடகர் அதில் இடம்பெறுகிறார். ‘ரியாலிட்டி ஷோ’ என்ற நிகழ்ச்சி வகையும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அது பதிவு செய்யப்படவும் வேண்டும் என்கிறது சட்டம். தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் அத்தொகுப்பில் பற்றிக்கொள்ளத்தக்க வரிகள் சில உண்டென்றால் இவற்றையும் சேர்க்கலாம். ஆயின் வரையறை ‘வேலைக்கு அமர்த்தப்பட்டவர்’ என்று தொடங்குகிறது. ஊதியம் அரசு அறிவிக்கும் வரம்பைத் தாண்டினால் அவர் வெளியே. மேடையில் நிற்பவரைக் கம்பெனி போட்டியாளர் என்கிறது, தொழிலாளி என்று சொல்வதில்லை. ஒளிவிளக்கைப் பிடிப்பவருக்கும் மேடையைத் துடைப்பவருக்கும் சங்கம் இருக்கிறது. நடுவில் நின்று பாடுபவரை உறுப்பினராகச் சேர்க்க அச்சங்கங்கள் முன்வந்தால், அந்த முதற்சொல்லின் மீது வழக்காட இடமுண்டு.