நலம் உசாவலும் நோய் பரப்பலும்

நோயுற்றாரை நேரிற் சென்று கண்டு நலம் உசாவுதல் நம்மவர் நெடுங்காலமாகப் போற்றிவரும் நல்வழக்கம். அதனைக் குறைகூற எவரும் துணியார். ஆயினும், மருத்துவமனைகளில் ஓரிடத்தில் மட்டும் இவ்வழக்கத்தை நாம் அடக்கியாளக் கற்றல் வேண்டும். அவ்விடம் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் தங்கும் பகுதியாம்.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், உருவொத்த இரட்டையருள் ஒருவரது சிறுநீரகம் மற்றவர்க்குப் பொருத்தப்பெற்றது. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அச்சிகிச்சை வெற்றியுடன் நிகழ்ந்தது. 2008 முதல் மூளைச்சாவுற்றோரின் உறுப்புக்களைப் பிறர்க்கு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசினர் நடத்திவருகின்றனர். உருவொத்த இரட்டையர்க்கு நேராத இடர் ஒன்று ஏனையோர்க்கு உண்டு. பிறர் உறுப்பை அயற்பொருளெனக் கருதி உடல் எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை அவர்கள் இடைவிடாது உட்கொள்ளல் வேண்டும். அதனால் நோயைத் தடுக்கும் ஆற்றலும் உடன் குன்றுகின்றது. எலும்பு மஜ்ஜை மாற்றம் பெற்றோர்க்கோ, அவ்வாற்றல் மீண்டும் வளரப் பல மாதங்கள் செல்லும்.

இத்தகையோர்க்கு, நம்மைச் சின்னாள் வருத்தி நீங்கும் ஜலதோஷமும் நுரையீரல் அழற்சியாய் முற்றி உயிர்க்கு இறுதி பயத்தல் கூடும். இன்புளுவென்சா, கொரோனா, ஆர்.எஸ்.வி. முதலிய வைரஸ்கள் யாவும் அவர்க்குக் கொடியனவே. இவற்றுள் ஆர்.எஸ்.வி. கட்டிற் கம்பியிலும் மேசையிலும் பல மணி நேரம் தங்கிக் கைவழியே பரவும். நலமுடையார் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதனை வெளியிடுதல் ஒழிவர். இந்நோயாளரோ பல வாரங்கள் வெளியிடுவர். ஆதலின், ஒருவர்க்கு வந்தது அடுத்த கட்டிலுக்கும் எளிதிற் செல்லும்.

தடுக்கும் வழிகளும் அறியாதன அல்ல. இருமலுடையாரை வாயிலிலேயே நிறுத்துதல், ஐயமுற்றபோதே சோதித்தல், நோய் கண்டாரைத் தனியறையில் வைத்தல், கை கழுவுதல், முகக்கவசம் அணிதல் ஆகியவையே அவை. தடுப்பூசி இந்நோயாளர் உடலில் முழுப்பயன் தருவதில்லை. எனவே, அவரைச் சூழ்ந்திருப்போர் ஆண்டுதோறும் இன்புளுவென்சா தடுப்பூசி இட்டுக்கொள்ளல் இன்றியமையாதது.

எனினும், விதிகளைச் சுவரில் ஒட்டுவதனால் மட்டும் யாது பயன்? நாட்கூலி பெறும் துப்புரவுப் பணியாளர் இருமலோடு வேலைக்கு வருவது அறியாமையால் அன்று. வாராவிடின் அன்றைய கூலி போய்விடும் என்னும் அச்சத்தால். அவரைக் கடிந்துரைத்தல் நீதியாகாது. நோயுற்ற பணியாளர்க்கு ஊதியத்துடன் விடுப்பு அளித்தலை மருந்துக்கு நிகரான செலவாக மருத்துவமனைகள் கொள்ளல் வேண்டும் என்பதே நம் துணிபு.

சுற்றத்தாரைத் தடுத்தால் நோயாளர் தனிமையால் வாடுவர் என்பாரும் உளர். அது மெய்யே. நலமுள்ள உறவினர் ஒருவர் உடனிருக்க, ஏனையோர் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். தோழனின் தந்தையைக் காணக் கூட்டமாய்ப் புறப்படும் மாணவராகிய நமக்கும் இக்கடமை உண்டு. தொண்டை கரகரக்கும் நாளில் நாம் செல்லாதிருத்தலே அவர்க்குச் செய்யும் பேருதவியாம்.