அடுத்தவர் செய்ததற்கு நீங்கள் பொறுப்பு

நாமினி என்று ஆரம்பித்தாலே “மறுபடியுமா?” என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் இந்த வாரமும் பொறுத்தருள வேண்டும். இறந்தவர் கணக்கிலுள்ள பணத்தை, காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தன் தவறால் தாமதமானால் வங்கி ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்தக் காகிதங்களில் ஒன்றின் பெயர் இண்டெம்னிட்டி பாண்ட்.

சித்தப்பா நாமினி போடாமல் போய்விட்டார். கணக்கில் சொச்சப் பணம்தான். அதற்காகச் சித்தியின் கையில் திணிக்கப்பட்ட ஸ்டாம்ப் பேப்பரை வாங்கிப் படித்தேன். எவர் மூலமாகவும் எக்காலத்திலும் வரக்கூடிய சகல நட்டங்களுக்கும், வழக்குச் செலவுகளுக்கும் சித்தியும் அவர் வாரிசுகளும் பொறுப்பாம். “எல்லாம் ஃபார்மாலிட்டிதாம்மா, கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க” என்றார் கவுன்டரில் இருந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபார்மாலிட்டி என்றால் எதற்கு ஐயா அத்தனை பக்கம்?

அந்த எரிச்சலில் வீட்டுக்கு வந்து 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்தேன். இண்டெம்னிட்டி பற்றிய 124ஆம் பிரிவு இரண்டே வரி. என்னாலோ வேறொருவராலோ உனக்கு நட்டம் வந்தால் நான் காப்பாற்றுகிறேன் என்று ஒருவர் கொடுக்கும் வாக்கு. அவ்வளவுதான். மனிதர் செய்கையால் வரும் நட்டத்தை மட்டுமே அந்தப் பிரிவு பேசுகிறது; புயலும் தீயும் அதற்குள் வராது. காப்பாற்றுவது எப்போது, நட்டப்பட்ட பிறகா, அதற்கு முன்பேயா என்று கேட்டால் சட்டம் வாய் திறக்காது.

வாய் திறந்தவர் நீதிபதி எம்.சி. சாக்ளா. 1942இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர் முன் வந்த வழக்கு இது. மாநகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த மனையை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். வாங்கியவர் கட்டிடம் எழுப்பினார். சாமான் கொடுத்தவருக்குப் பாக்கி விழுந்தது. அந்தப் பாக்கிக்காக முதலாமவர் தன் பெயரில் அடமானம் எழுதிக்கொடுத்தார், அதுவும் இரண்டு தடவை. (இப்படியும் மனிதர்கள்!) ‘அந்தக் கடனிலிருந்து உங்களை விடுவிக்கிறேன்’ என்று சொன்ன மனை வாங்கியவர் விடுவிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால், ‘உங்கள் கையிலிருந்து இன்னும் காலணா போகவில்லையே, அதற்குள் என்ன வழக்கு?’ என்று எதிர்வாதம். சாக்ளா அதை ஏற்கவில்லை. கடன் கொடுத்தவர் வந்து சொத்தை ஏலம் விடும்வரை காத்திருக்கச் சொன்னால் அந்த வாக்குக்கு என்ன மதிப்பு? பொறுப்பு உறுதியாகிவிட்டால் இப்போதே விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். மாட்டிக்கொண்ட மனிதருக்காகச் சொன்னது. இன்று அதே வாக்கை வங்கி விதவையிடம் எழுதி வாங்குகிறது.

சாக்ளாவின் சுயசரிதை ‘ரோஸஸ் இன் டிசம்பர்’ என் மேஜையை விட்டு நகர்வதேயில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜின்னாவிடம் ஜூனியராக இருந்தவர், பிறகு அரசியலில் அவரைவிட்டு விலகியவர். 1958இல் முந்த்ரா விசாரணை அவரிடம் வந்தது. எல்.ஐ.சி. பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்ட விவகாரம். சில வாரங்களில், பொதுமக்கள் முன்னிலையில், விசாரித்து முடித்துவிட்டார். நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, செயலாளர் செய்ததற்குத் தான் பொறுப்பில்லை என்றார். செயலாளர் செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர்தான் என்றார் சாக்ளா. 124ஆம் பிரிவை அமைச்சரவைக்கு நீட்டியது போல் எனக்குப் படும். வக்கீல்கள் சண்டைக்கு வரலாம். டி.டி.கே. பதவி விலகினார்.

1963இல் டி.டி.கே. மறுபடி நிதியமைச்சர். அதே வருடக் கடைசியில் கல்வியமைச்சராக வந்தவர் சாக்ளா. 1965 முடியும்வரை இருவரும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமென்றால் சாக்ளா டி.டி.கே.யிடம்தான் போய்க் கேட்டிருக்க வேண்டும்.