‘பெங்களூரு நகரை முன்வைத்து ஓர் ஆய்வு’: வினாநிரல் கேட்காத கேள்விகள்

‘நுகர்வோரின் கொள்முதல் நடத்தையில் சமூக ஊடகச் சந்தைப்படுத்தலின் தாக்கம்: பெங்களூரு நகரை முன்வைத்து ஓர் ஆய்வு.’ ஓரிரு சொற்கள் இடம் மாறிய நிலையில் இத்தலைப்பு வணிகவியல், மேலாண்மைத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டே இருக்கிறது. பெங்களூரு என்ற பெயரை எடுத்துவிட்டு மைசூரு, கோயம்புத்தூர், மதுரை என எதைப் பொருத்தினாலும் ஆய்வுக்குள் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. ஒரு நகரை முன்வைப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்நகருக்குள் காலெடுத்து வைக்காமலே முடிந்துவிடுவதுதான் இவ்வகை ஆய்வின் முதற்குற்றம்.

இவற்றின் முறையியல் அனைவரும் அறிந்ததே. கூகுள் படிவம் ஒன்று உருவாக்கப்படும். அது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இடப்படும். நூறோ நூற்றைம்பதோ பேர் நிரப்புவார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அதே கல்லூரியின் மாணவர்கள், எஞ்சியோர் அவர்களின் உடன்பிறந்தோர். இதற்கு ‘வசதி மாதிரி’ என்ற பெயர் சூட்டப்பட்டதும் குறை நிறையாகிவிடுகிறது. ‘சமூக ஊடக விளம்பரங்கள் எனக்குப் பயனுள்ளவை’ என்ற கூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கப்படும். மனப்பாங்குகளை அளப்பதற்காக ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த அளவுகோல், ஒரு சந்தையின் அதிகார உறவுகள் முழுவதையும் அளந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததென்று எவரும் கேட்பதில்லை. கிரான்பாக் ஆல்பா 0.7ஐத் தாண்டிவிட்டால் வாய்மொழித் தேர்வில் அமைதி நிலவும். இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படும். இறுதி இயலில், ‘நிறுவனங்கள் தங்கள் சமூக ஊடக இருப்பை மேலும் வலுப்படுத்த வேண்டும்’ என்ற பரிந்துரை இடம்பெறும். மெட்டா நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு பணம் கொடுத்து எழுதுவித்தாலும் இதைவிடப் பணிவான விளம்பரத் துண்டறிக்கை கிடைத்திருக்காது.

ஆய்வு தரமற்றது என்பதோடு இது நின்றிருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. தரமற்ற ஆய்வுகள் எல்லாத் துறைகளிலும் உண்டு. ஆனால் இங்கே ஒரு நகரத்தின் சிறு வணிகர்களும் பயனர்களும் அன்றாடம் படும் பாடு, ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இரு கட்டங்களுக்குள் அடக்கம் செய்யப்படுகிறது.

சிக்பேட்டையில் சேலைக்கடை வைத்திருப்பவருக்குத் தம் கடையின் வாடகை எவ்வளவு, எப்போது உயரும், யாரிடம் பேச வேண்டும் என்பது தெரியும். முகநூல் பக்கத்துக்கு அவர் செலுத்தும் வாடகை அத்தகையதன்று. தொடக்கத்தில் பக்கம் இலவசம். தொடர்வோரைச் சேர்ப்பது அவர் உழைப்பு. வாடிக்கையாளரிடம் ‘எங்கள் பக்கத்தை விரும்புங்கள்’ என்று கல்லாவில் அட்டை மாட்டி, தளத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததும் அவரே. 2018 சனவரியில், நண்பர் குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்படும், வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். அன்றுமுதல், தாமே திரட்டிய வாடிக்கையாளரை எட்டுவதற்கும் அவர் பணம் கட்ட வேண்டியவரானார். அந்தப் பணமும் நிலையான விலையன்று. ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் நொடிப்பொழுதில் ஏலம் நடக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சிக்பேட்டைக் கடையும், கோடிகளில் முதலீடு பெற்ற இணைய நிறுவனமும் ஒரே ஏலத்தில் நிற்கின்றன. செலவுக்குமேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் மேல்முறையீடு இயந்திரத்திடம்; சென்று கதவைத் தட்ட ஓர் அலுவலகம் அவருக்கு இல்லை.

தாம் வாங்கியது என்ன என்பதைச் சரிபார்க்கவும் அவரால் இயலாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்வதும் தளமே. அதற்கு விலைப்பட்டியல் தருவதும் தளமே. விற்பவரே தராசையும் வைத்திருக்கும் சந்தை இது. 2016இல் முகநூல், காணொளிகளை மக்கள் சராசரியாகப் பார்க்கும் நேரத்தை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டியதை ஒப்புக்கொண்டது. மிகை 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்கலாம் என்று விளம்பர முகமைகளிடம் கூறியது. அமெரிக்காவில் சிறு விளம்பரதாரர்கள் வழக்குத் தொடுத்து, 2019இல் 4 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பெங்களூரின் சிறு வணிகரிடம் ‘சமூக ஊடகச் சந்தைப்படுத்தல் செலவு குறைந்தது’ என்ற கூற்றுக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் ஆய்வாளர், அந்தச் செலவின் கணக்கேட்டை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததுண்டா?

இந்நகரிலேயே முளைத்த சான்று மீஷோ. 2015இல் விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் ஆகியோர் தொடங்கிய இந்நிறுவனம், வாட்ஸ்அப் குழுக்களில் சேலையும் சுடிதாரும் மறுவிற்பனை செய்யும் பெண்களைத் தன் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. 2019 சூனில் முகநூல் இதில் முதலீடு செய்தது; இந்தியப் புதுத்தொழில் நிறுவனம் ஒன்றில் முகநூல் செய்த முதல் முதலீடு அதுவே. உறவினர், அண்டைவீட்டார், பள்ளி வாசலில் பழகிய தாய்மார் என ஒரு பெண் பல்லாண்டுகளில் சேர்த்த நம்பிக்கையே அங்கே விற்பனை வழி. பின்னர் நிறுவனம் தன் செயலி வழியே நுகர்வோருக்கு நேரடியாக விற்பதில் முனைந்தது. இடையில் நின்ற பெண்ணின் இடம் சுருங்கியது. 2021இல் விற்பனையாளரிடம் தரகு வாங்குவதில்லை என்று அறிவித்தது. ஆனால் தரகில்லாத சந்தையில் கடை கண்ணில் பட வேண்டுமானால் விளம்பரம் வாங்க வேண்டும். இதை மோசடி என்று சொல்வதற்கில்லை. வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் ‘பெண்களுக்கு அதிகாரமளித்தல்’ என்ற இயலில் இதை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள், அப்பெண்ணின் நம்பிக்கை யாருடைய சொத்தாயிற்று என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுகின்றன.

பயனர் பக்கம் இதைவிட மோசம். இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, தானியங்கிப் பங்கு வர்த்தகச் செயலிகளைத் தாம் பரிந்துரைப்பதாகக் காட்டும் போலிக் காணொளிகள் உலவுவதாகவும், அவற்றுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும் 2023 டிசம்பரில் பொதுவெளியில் எச்சரிக்க நேர்ந்தது. இந்நகரின் நடுத்தர வர்க்கம் எந்த முகத்தை உழைப்புக்கும் நேர்மைக்கும் அடையாளமாகக் கொண்டதோ, அதே முகம் தூண்டில் புழுவாயிற்று.

அத்தகைய விளம்பரங்களைத் தளங்கள் தவறிப்போய் அனுமதித்துவிடுகின்றன என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி அந்த நம்பிக்கைக்கு இடம் வைக்கவில்லை. மெட்டாவின் 2024ஆம் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ 10 விழுக்காடு மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களே கணித்திருந்தன. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்பது 95 விழுக்காடு உறுதியானால்தான் தடை. அதற்குக் குறைவான ஐயம் என்றால், அவரிடம் கூடுதல் கட்டணம். அக்கணிப்பு தோராயமானது, மிகையாக அனைத்தையும் உள்ளடக்கியது என்பது நிறுவனத்தின் விளக்கம். கூடுதல் கட்டணம் மோசடியைத் தடுப்பதற்கென்றே என்பதும் அதில் அடங்கும். அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் ஒன்று எஞ்சுகிறது: கள்ளன் என்று ஐயுறப்பட்டவனைத் தெருவுக்குள் விட்டு, நுழைவுக் கட்டணத்தை மட்டும் உயர்த்திய காவற்காரனை எந்த ஊரும் காவற்காரன் என்று அழைத்ததில்லை.

இப்பின்னணியில் ‘சமூக ஊடக விளம்பரங்களை நான் நம்புகிறேன்’ என்ற வினாவுக்கு நூறு மாணவர் அளித்த 3.82 என்ற சராசரிக்கு என்ன பொருள்? நம்பிக்கை அங்கே ஓய்வூதியப் பணத்தை இழக்கும் வழியாக இருக்கக்கூடும் என்பதை எந்தக் கட்டம் பதிவு செய்யும்?

விற்பனை ஓடும் அதே வாய்க்காலில் நஞ்சும் ஓடுகிறது என்பதற்கு ஐடி ஃபிரெஷ் ஃபுட் சாட்சி. வயநாட்டைச் சேர்ந்த முஸ்தபா தம் ஒன்றுவிட்ட சகோதரர்களோடு 2005இல் பெங்களூரில் ஒரு சிற்றறையில் தொடங்கிய இட்லி, தோசை மாவு வணிகம் அது. 2021 செப்டம்பரில், அம்மாவில் மாட்டெலும்பு கலக்கப்படுகிறது, அங்கே முஸ்லிம்களுக்கு மட்டுமே வேலை என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. நிறுவனம் மறுத்தது, காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் அளித்தது, ஊடகங்கள் கேட்டன. மறுக்கும் வலிமை அதற்கு இருந்தது. தெருமுனையில் மாவு அரைத்து விற்கும் ஒருவர்மீது அதே செய்தி பரவினால், மாலைக்குள் மாவு புளித்துவிடும். மறுப்பை யார் கேட்பது? ‘வாய்மொழிச் சந்தைப்படுத்தல்’ என்ற மாறியை இவ்வாய்வுகள் எப்போதும் நேர்மறையாகவே கணக்கிடுகின்றன. மதவெறுப்பும் வாய்மொழியாகவே பயணிக்கிறது என்பது அவற்றின் மாதிரியில் இல்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானதும்கூட. 2020இன் ஊரடங்கில் வேலையிழந்த பலருக்கும், வீட்டைவிட்டு வெளியே செல்ல இசைவில்லாத பெண்களுக்கும் இன்ஸ்டாகிராம் ஒரு கடைவாசலைத் திறந்து கொடுத்தது. நாளிதழில் ஒரு பத்தி விளம்பரம் வாங்க வக்கற்றவர் சில நூறு ரூபாயில் ஒரு வட்டாரத்தையே எட்ட முடிந்தது. இதை மறுப்பது நேர்மையன்று. காந்தி பஜாரின் வித்யார்த்தி பவனைக் காட்டி, ‘1943 முதல் விளம்பரமா செய்தார்கள், நல்ல தோசை தானே கூட்டம் சேர்க்கும்’ என்பாரும் உண்டு. அது எளிய வாதம், பயனற்ற வாதம். எண்பது ஆண்டுப் புகழை நேற்றுக் கடை திறந்தவர் இரவல் வாங்க முடியாது. கேள்வி வேறு. வாசல் திறந்தது உண்மை. வாசலின் சாவி யாரிடம், வாடகையை யார் தீர்மானிக்கிறார், உயர்த்தினால் யாரிடம் முறையிடுவது?

சட்டமும் இக்கேள்வியை ஓரத்திலிருந்தே தொடுகிறது. பணம் பெற்றுப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 சனவரியில் வழிகாட்டியது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சுமை பரிந்துரைப்பவர் தோளில். அப்பதிவைப் பெருக்கிக் காட்டிய தளத்தின் தோள் ஏறக்குறைய வெறுமை. வணிகக் குறுஞ்செய்திகளுக்கு டிராய் 2018இல் வகுத்த ஒழுங்குமுறை வாட்ஸ்அப்புக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டுத் தனியுரிமைக் கொள்கைக்காக மெட்டாவுக்குப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்து, விளம்பரத்துக்காகத் தரவு பகிர ஐந்தாண்டுத் தடையும் இட்டது. ஓராண்டுக்குப் பின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை நிலைநிறுத்தி, தடையை நீக்கியது. ‘பெங்களூரு நகரை முன்வைத்து’ எழுதப்படும் இலக்கிய மீளாய்வுகளில் இவை இடம்பெற வேண்டும். பதிலாக, பிலிப் கோட்லரின் வரையறை இடம்பெறுகிறது.

மொழி பற்றியும் ஒரு சொல். கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி என்று கடைவாசலில் ஐந்து மொழி பேசும் நகரம் இது. சிவாஜிநகரில் துணி விற்பவரும் அல்சூரில் பூக்கட்டி வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவரும் ஆங்கிலப் படிவத்தை நிரப்பப் போவதில்லை. எனவே அவர்கள் ‘பெங்களூரு நகரம்’ ஆகார்.

மாற்று முறை கடினமானதன்று. நேரம் எடுப்பது, அவ்வளவே. ஒரே தெருவில் இருபது கடைகள். அவற்றின் விளம்பரக் கட்டண ரசீதுகள், உரிமையாளர் இசைவோடு, மூன்றாண்டுகளுக்கு. அதே காலத்தின் விற்பனைக் கணக்கு. கணக்கு முடக்கப்பட்ட நாட்கள், அவற்றால் இழந்த ஆர்டர்கள். பயனர்களிடம் மனப்பாங்குக்குப் பதிலாக ஒரு வார நாட்குறிப்பு: திரையில் வந்த விளம்பரங்கள் எவை, அவற்றுள் பொய்யானவை எவை, புகாரளித்தபின் நடந்தது என்ன. இவற்றை ஆறு மாதம் சேகரிக்கும் மாணவருக்கு ஐந்து புள்ளி அளவுகோல் தேவைப்படாமலும் போகலாம். வரும் கல்வியாண்டில் மேற்கண்ட தலைப்போடு ஒரு முன்வரைவு மேசைக்கு வரும்போது, மாதிரியின் அளவைக் கேட்பதற்கு முன் நெறியாளர் கேட்க வேண்டியது அந்த ரசீதுகளையே.