முதலில் இரும்பு, பிறகு மோட்டார்

பழைய மில்லிங் இயந்திரத்தில் மோட்டார் பொருத்தி, வீட்டிலேயே சிஎன்சி ஆக்க ஆசையா? மின்னணுப் பாகங்களுக்கு லிட்டில் இந்தியா பக்கத்தில் சிம் லிம் டவர் இருக்கிறது. இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்.

முதலில் எடை. கனமான வார்ப்பிரும்பு அதிராது. வெட்டு சுத்தமாக விழும். ஆனால், வீவக வீட்டுத் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கத்தான் வடிவமைக்கப்பட்டது. பட்டறைகளில் நிற்கும் பிரிட்ஜ்போர்ட் ஏறக்குறைய ஒரு டன்! கீழ்வீட்டிலும் ஒரு குடும்பம் உறங்குகிறது. மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரமே நமக்குச் சரி.

அடுத்து, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். இயந்திரத்தின் மேசை நகராமல் சக்கரம் மட்டும் சுழன்றால், திருகு தேய்ந்திருக்கிறது. பழகிய கை அதை ஈடுகட்டும். கணினிக்கு அது தெரியாது, வட்டம் கோணலாகிவிடும். பால் ஸ்குரூ பொருத்த இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டாரை எப்போதும் மாற்றலாம். அடி இரும்பை மாற்ற முடியாது.