பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுத் திரும்பும் பிள்ளைகள் பலரின் கையில் புதுப் பொம்மை ஒன்று இருக்கும். பஸ் சாத்தூர் வந்து சேர்வதற்குள் அதற்குப் பெயர் வைத்தாகிவிடும். பொம்மைக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தையும் தொடங்கிவிடும்.

பிள்ளைகளின் இந்த நம்பிக்கையை வைத்தே 1935-ல் சோவியத் ரஷ்யாவில் ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள். பெயர் 'புதிய கலிவர்'. இயக்கியவர் அலெக்சாந்தர் ப்துஷ்கோ. முகாமுக்கு வந்த பேத்யா என்ற சிறுவனுக்குக் கலிவர் கதைப் புத்தகம் பரிசாகக் கிடைக்கிறது. அதை வாசிக்கக் கேட்டபடியே தூங்கிப்போகிறான். கனவில் அவனே கலிவர்! அவன் நிஜப் பையன். லில்லிபுட்டின் குட்டி மனிதர்களோ பொம்மைகள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். பொம்மையைத் துளி அசைத்து ஒரு படம், மறுபடி அசைத்து இன்னொரு படம் என்று எடுக்க வேண்டும். திரையில் ஒரு விநாடி ஓட 24 படங்கள். முகம் சிரிக்கவோ கோபப்படவோ தலையையே கழற்றி வேறு தலை மாட்டினார்கள். அப்படியும் அவை பொம்மைகள்தான் என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் பேத்யா அவற்றை மனிதர்களாகவே நடத்துகிறான். அதனால் நாமும் நம்பிவிடுகிறோம்.

லில்லிபுட்டில் பூமிக்கடியில் ஆயுதம் செய்யும் தொழிலாளிகள் ராஜாவை எதிர்க்கிறார்கள். பேத்யா அவர்கள் பக்கம் நிற்கிறான். அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

வேலை முடிந்து அலுத்து வரும் தாய், பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உலை வைத்தாக வேண்டுமே. ஆனால் பேத்யாவின் கனவு தொடங்கியதே ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்ததால்தான். செல்போன் எத்தனை பொம்மைகளை வேண்டுமானாலும் ஆடவிடும். பிள்ளையோடு சேர்ந்து நம்ப அதற்குத் தெரியாது.

அதற்கு நேரமும் காசும் அதிகம் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். காலித் தீப்பெட்டி ஒன்றில் இரண்டு கண் வரைந்து பிள்ளையிடம் கொடுங்கள். "இவரு எந்த ஊர்க்காரரு?" என்று கேளுங்கள். மீதிக் கதையைப் பிள்ளை சொல்லும்.