தோட்டத் தொழிலாளிக்கு உள்ள உரிமை ஆசிரியருக்கு ஏன் இல்லை? கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு கேள்வி



தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் சட்டத்தின் கண்ணில் ஒரு 'தொழிலாளி'. கூலி கட்டவில்லை என்றால் சங்கம் வைத்து நிர்வாகத்தோடு பேசலாம். பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறையில் தாவா எழுப்பலாம். கையெழுத்தான ஒப்பந்தத்தை நிர்வாகம் மீறினால் அது சட்ட மீறல். நடைமுறையில் எத்தனை தோட்டத்தில் இது நடக்குது என்பது வேறு கதை. ஆனா உரிமை ஏட்டில் இருக்கு. அதைக் காட்டிப் போராடலாம்.

அந்தத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியருக்கு இந்த உரிமை ஏட்டில்கூட இல்லை. இதுதான் இன்றைக்கு நாம் பேச வேண்டிய விஷயம்.

ஒரே வளாகம், இரண்டு சட்டம்

1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. பத்து வருடம் கழித்து, 1988-இல் கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர் மட்டும் 'தொழிலாளி' அல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. கற்பிப்பது உன்னதமான பணியாம். அதனால் அது உடலுழைப்பும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை.

விளைவு என்ன? கொடைக்கானலில் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஓட்டுபவரும் தோட்டக்காரரும் அநியாயமாக நீக்கப்பட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆசிரியர் போக முடியாது. தனியார் பள்ளிகளுக்கான தனிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தனி ஆளாக, மேல்முறையீடு, வழக்கு என்று அலைய வேண்டும். வளாகத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஆசிரியருக்கு வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். மலையில் வேறு வீடு பிடித்து, வாடகை கொடுத்து, வழக்கும் நடத்த எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் பலரும் வாய் திறப்பதில்லை. 'உன்னதமான பணி' என்ற பட்டம் பெற்றுத் தந்தது இதைத்தான்.

இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, அறப்பணி, சமூகப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை 'தொழில்' என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. பெரும்பாலான தனியார் பள்ளிகளை அறக்கட்டளைகள்தானே நடத்துகின்றன? லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கினாலும் "நாங்கள் அறப்பணி" என்று நிர்வாகங்கள் நீதிமன்றத்தில் வாதாட இது வழி திறக்கிறது. ஆசிரியரை மேலே தூக்கிவிட வேண்டிய இடத்தில், ஓட்டுநரையும் சேர்த்துக் கீழே இழுக்கப் பார்க்கிறார்கள்.

அரசு ஆசிரியர் மட்டும் பாதுகாப்பாக இருக்கிறாரா?

அவருக்குச் சங்கம் வைக்கலாம், மனு கொடுக்கலாம், அமைச்சரைச் சந்திக்கலாம். ஆனால் அரசு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது.

2003 ஜூலையை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வூதியச் சலுகைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய அ.தி.மு.க. அரசு டெஸ்மா சட்டத்தைக் கையில் எடுத்து ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து தூக்கியது. 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலானவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு இன்றுவரை தலைக்கு மேல் கத்தியாகத் தொங்குது.

2019 ஜனவரி 22-இல் ஜாக்டோ-ஜியோ ஒன்பது கோரிக்கைகளோடு மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசு பேசியதா? பேச்சுவார்த்தைக்கு அழைப்பதற்குப் பதிலாக, மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அறிவிப்பு வந்தது. ஜனவரி 30 அன்று, கையில் எந்த ஒப்பந்தமும் இல்லாமலே, போராட்டம் திரும்பப் பெறப்பட்டது.

ஒரு நாள் வித்தியாசம், 3,170 ரூபாய்

பேசி முடிவெடுக்கும் முறை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இடைநிலை ஆசிரியர்களே சாட்சி. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே பள்ளி, பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. வித்தியாசம் 3,170 ரூபாய். 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு இவர்கள் சென்னையில் பட்டினி கிடந்தது ஒரு முறை இரண்டு முறை அல்ல.

2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். மே மாதச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு உயர்வும் போராட்டத்துக்குப் பிறகு அறிவிப்பாகத்தான் வந்தது, ஒப்பந்தமாக வரவில்லை. கல்லூரிகளிலும் இதே நிலைதான். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியைத் தொடுவதற்கே பல வருடம் ஆனது.

நிரந்தரம், பகுதிநேரம், கௌரவம் என்று ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு சங்கம். இப்படிப் பிரிந்து கிடப்பதால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. நிரந்தர ஆசிரியர் சங்கங்களுக்கும் நாம் உரிமையோடு சொல்வது: பகுதிநேர ஆசிரியரின் கோரிக்கையைப் பட்டியலின் கடைசி வரியில் வைக்காதீர்கள்.

மலைக்கு இதில் என்ன?

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற ஊர்களில் பேருந்து தவறினால் அன்றைய பள்ளி தவறியது மாதிரிதான். மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலையே இருக்காது. குடியிருப்பு வசதி, மலைப்படி, குளிர்காலப்படி, மலைச் சுழற்சி மாறுதல், ஓராசிரியர் விடுப்பு எடுத்தால் மாற்று ஏற்பாடு: இவை எல்லாமே மேலிருந்து வரும் ஆணைகள். இங்கே குளிரில் நின்று பாடம் எடுப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. இவை சரியில்லாவிட்டால் ஆசிரியர் இடமாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார். பளியர் குடியிருப்புப் பிள்ளை எங்கே போகும்? ஆசிரியரின் பணி நிலைமைதான் அந்தப் பிள்ளையின் படிப்பு நிலைமை.

"வேலைநிறுத்தம் செஞ்சா பிள்ளைங்க படிப்பு கெடுதே" என்று கேட்பவர்களைத் திட்ட வேண்டாம். நியாயமான கேள்வி. ஓராசிரியர் பள்ளியில் அவர் போராடப் போனால் அன்று பள்ளிக்குப் பூட்டுதான். அதனாலதான் சொல்றோம்: பேச ஒரு மேசை இருந்தால் தெருவுக்கு வர வேண்டிய தேவையே குறையும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு இருக்கு. ஊதியம், வேலைநேரம், விடுப்பு பற்றி உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும் ஏற்பாடும் அதில் உண்டு. அதே 1966-இல் யுனெஸ்கோவும் ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து வெளியிட்ட ஆசிரியர் தகுநிலைப் பரிந்துரை, ஊதியத்தையும் பணி நிலைமையையும் ஆசிரியர் அமைப்புகளோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. சங்க உரிமைக்கும் கூட்டுப்பேரத்துக்கும் உரிய ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகள் 87, 98 இரண்டையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அரசு ஊழியர்களுக்கு உரிமை கொடுக்க வேண்டிவருமே என்பதுதான் காரணம்.

சேர்ந்து நின்றால் கிடைக்கும்

ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே பொருந்தும் என்றது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் தோற்றன. தீர்ப்பே முடிவு என்று ஆசிரியர்கள் சும்மா இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

கொடைக்கானலுக்கும் இது தெரியும். 2001-இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் 15 வருடம் கலையாமல் நின்றார்கள். 2016-இல் 591 பேருக்காக அந்தப் பெரிய நிறுவனம் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது முன்னணியில் நின்ற திரு.வி.க., அதற்கு முன் வெஸ்லி கல்லூரியில் தமிழ் ஆசிரியர். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் வாத்தியார். அந்த வாத்தியார் இனத்துக்கே பேரம் பேசும் உரிமை இல்லை என்றால் எப்படி?

நமது கோரிக்கைகள்:

1. தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களையும் 'தொழிலாளி' வரையறைக்குள் கொண்டுவர வேண்டும். அறக்கட்டளை என்ற பெயரில் எந்தக் கல்வி நிறுவனமும் நழுவக் கூடாது.

2. ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மாநில அளவில், சட்ட வலிமையோடு, நடுவர் ஏற்பாட்டோடு கூட்டுப் பேச்சுவார்த்தைக் குழு வேண்டும்.

3. பகுதிநேர ஆசிரியர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் அந்த மேசையில் நாற்காலி வேண்டும்.

4. மலைப்பகுதிப் பணி நிலைமைகளை அங்கே வேலை செய்பவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

தோழர்களே, இதைப் பகிர்வதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர் ஆசிரியரிடம் பேசுங்க. பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்க. அடுத்த முறை ஆசிரியர்கள் போராட்டம் அறிவிக்கும்போது "சம்பளம் பத்தலையா இவங்களுக்கு?" என்று யாராவது கேட்டால், தாண்டிக்குடித் தோட்டத் தொழிலாளிக்கு உள்ள உரிமை அவர் பிள்ளையின் வாத்தியாருக்கு ஏன் இல்லை என்று திருப்பிக் கேளுங்க.

ஆசிரியர் ஒற்றுமை ஓங்குக!
கூட்டுப்பேர உரிமை வெல்க!

#ஆசிரியருக்கும்_உரிமை_உண்டு #கூட்டுப்பேர_உரிமை #கொடைக்கானல்