கரிசல் தடத்துக்கு எந்த வண்டி?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. காட்டுக்குப் போக 5 கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம் 2 கிலோமீட்டர் வண்டித்தடம். தினமும் காலையில் சொசைட்டிக்கு 15 லிட்டர் பால் ஊற்றுகிறேன். கையில் 60 ஆயிரம் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகன், 'மண் ரோட்டுக்கென்றே வந்த உயரமான பைக்கைத் தவணையில் வாங்கலாம்' என்கிறான். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், பையனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்த வகை வண்டிகள் கல்லிலும் மேட்டிலும் நன்றாகவே போகும். ஆனால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டியில் இருக்கை உயரமே 82 சென்டிமீட்டருக்கு மேல்; எடை 150 கிலோவைத் தாண்டும். பால் கேனோடு சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா? உங்கள் வீட்டம்மா ஓட்டவும் தோதுப்படாது.

உங்கள் வேலைக்குப் பொருந்துவது டிவிஎஸ் எக்ஸ்எல் 100. எடை 90 கிலோவுக்குள். கியர் இல்லை. 45 கிலோ யூரியா மூட்டையைக் கால் வைக்கும் இடத்திலேயே தாழ்வாக வைக்கலாம். பாரம் கீழே இருந்தால் வண்டி ஆடாது. கையிலுள்ள பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் புதிதாகவே கிடைக்கும். வெளியூர்ப் பயணம் அதிகம் என்றால் மட்டும் 100 சிசி பைக் பாருங்கள். ஸ்ப்ளெண்டருக்கு 18 அங்குலச் சக்கரம், குழியில் சுலபமாக ஏறி இறங்கும். பிளாட்டினாவுக்குத் தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் இடைவெளி, கல் தட்டாது.

ஒன்றை மறக்க வேண்டாம். நனைந்த கரிசலில் எந்த வண்டியும் போகாது. ஈரம் பட்டால் உப்பி ஒட்டும் மண் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐப்பசி மழைக்கு மறுநாள் ஒரு பருத்திக் காட்டுக்குப் பைக்கில் போனேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து மழை நாளில் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மற்ற நாளில் மண் தடத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள், டயர் வழுக்கும். புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்னதைவிட அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

தவணைக் கணக்கையும் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு '10 சதவீத பிளாட் வட்டி, மூன்று வருடம்' என்றால் வட்டி 30 ஆயிரம், மாதம் சுமார் 3,611 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், உண்மையில் அது ஏறக்குறைய 18 சதவீதம். மானாவாரி வெள்ளாமை மாதாமாதம் பணம் தராது. பால் காசில் ஒரு பகுதி தவணைக்கே போய்விடும்.

பழைய வண்டி என்றால், ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும்.

கடைசியாக, எக்ஸ்எல் வண்டிக்கும் 18 வயது நிறைந்து லைசென்ஸ் வேண்டும். வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25 ஆயிரம் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. மகனிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். அவன் படித்து முடித்து, சொந்தச் சம்பளத்தில் அந்த உயரமான பைக்கை வாங்கட்டும். அப்போது நீங்கள் பின்னால் உட்கார்ந்து காட்டுக்குப் போகலாம், மழை பெய்யாத நாளாகப் பார்த்து!